மஞ்சளை விற்பதா, வைத்திருப்பதா? வீட்டிலேயே விலைக் கணக்கு போடும் முறை

"மஞ்சள் இன்னும் ஏறுமா?" தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் கல்யாணப் பந்தியில்கூட இந்தக் கேள்விதான். கேட்பவருக்கு வேண்டியது ஓர் எண். பதினைந்தாயிரம் போகும், பதினெட்டு போகும் என்று யாராவது அடித்துச் சொல்லிவிட்டால் திருப்தியாகி ரசத்துக்குப் போய்விடுவார். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப்போகிறார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

எங்கள் வீட்டில் மஞ்சள் கணக்கு என் கையில். பி.காம். முடித்துவிட்டு, ஈரோட்டுப் பக்கம் காளிங்கராயன் வாய்க்கால் பாசனக் குடும்பம் ஒன்றுக்கு மருமகளாக வந்தவள் நான். ஈரோடு மஞ்சள் விலை நாளிதழில் வந்தால் என் மாமனார் அதை ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பார். விரலி (விரல்போல நீண்ட மஞ்சள்) இவ்வளவு, கிழங்கு (உருண்டைத் தாய்க்கிழங்கு) இவ்வளவு, எத்தனை மூட்டை வரத்து. அந்த நோட்டுகளை எக்செலில் ஏற்றப் போய்த்தான் இந்தக் கணக்கெல்லாம் ஆரம்பித்தது. பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. கூட்டல், கழித்தல், சதவீதம் தெரிந்தால் போதும், பொறுமையும் கொஞ்சம் வேண்டும்.

தக்காளி விளைந்தால் அன்றைக்கே ஏற்றியாக வேண்டும். மஞ்சள் அப்படி இல்லை. வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு மூட்டை கட்டிவிட்டால் வருடக்கணக்கில் இருக்கும். ஆகவே "விலை என்ன ஆகும்?" என்பதைவிட "இன்னும் நான்கு மாதம் வைத்திருந்தால், வைத்திருந்த செலவுபோக எனக்கு மிஞ்சுமா?" என்பதுதான் நம் கேள்வி. இதற்கு ஒற்றை எண் தேவையில்லை. முதலில் தெரியவேண்டியது செலவு.

வைத்திருக்கும் செலவு

இன்றைக்கு உங்கள் மஞ்சள் குவிண்டால் (100 கிலோ) 10,000 ரூபாய்க்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதம் குடோனில் போட்டால் என்ன ஆகும்? மாதம் ஒரு வட்டி என்றால் 400 ரூபாய். கடனே இல்லை என்றாலும் இதை விடக்கூடாது, ஏனென்றால் அந்தப் பணம் கையில் இருந்தால் வேறு கடனை அடைத்திருக்கும். குடோன் வாடகை குவிண்டாலுக்கு மாதம் 20 என்று போட்டால் 80. எடை குறைவு ஒன்றரை சதவீதம் என்றால் 150. வண்டு விழாமல் இருக்க மருந்து வைக்க 20. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி 50. மொத்தம் 700. வாடகையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதாவது சித்திரையில் 10,000-க்கு விற்காமல் ஆவணியில் 10,700-க்கு விற்றால் நீங்கள் சம்பாதித்தது பூஜ்ஜியம். ஊரில் "வெச்சிருந்து வித்தேன், எழுநூறு கூட கெடச்சுது" என்று பெருமையாகச் சொல்பவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கைப் போட்டதே கிடையாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கை இருப்பு வைத்து, அதையே ஈடாகக் காட்டிப் பொருளீட்டுக் கடன் வாங்கினால் வட்டி குறையும், இந்த 700 கொஞ்சம் இறங்கும். அந்த வித்தியாசத்தையும் போட்டுப் பாருங்கள்.

இந்த 7 சதவீதத்தைத் தனித்தாளில் பெரிதாக எழுதி வையுங்கள். இனிமேல் பார்க்கும் ஒவ்வொரு விலைக் கணிப்பையும் இதோடு ஒட்டிவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பழைய விலைகளைச் சேர்ப்பது

நோட்டு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் ஈரோடு, பெருந்துறை, நிஜாமாபாத், சாங்கிலி என்று சந்தை வாரியாக வரத்தும் விலையும் கிடைக்கும். குறைந்த விலை, அதிக விலை, மோடல் விலை என்று மூன்று இருக்கும். மோடல் என்பது அன்றைக்குப் பெரும்பகுதிச் சரக்கு விற்ற விலை. அதை மட்டும் எடுங்கள். அதிக விலை என்பது யாரோ ஒருவரின் அருமையான நாலு மூட்டைக்குக் கிடைத்தது. ஊரே அதைத்தான் பேசும், நமக்கு அது பிரயோஜனமில்லை.

எடுத்ததும் அப்படியே கணக்கில் இறங்கிவிடக் கூடாது. விரலியும் கிழங்கும் கலந்திருக்கும், பிரித்துத் தனித்தனிப் பட்டியல் போடுங்கள். சில நாள் பதிவே இருக்காது. சில இடத்தில் ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போய் 7,300 என்பது 730 ஆகியிருக்கும். அப்படித் துள்ளி நிற்கும் எண்களை முன்பின் நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் தூக்கிவிடுங்கள். பொங்கல் விடுமுறை முடிந்து சந்தை திறக்கும் நாளின் வரத்தைப் பார்த்து மிரள வேண்டாம், அது தேங்கியிருந்தது ஒரேநாளில் வந்தது. அன்றாட விலையில் இப்படிப்பட்ட சலசலப்பு நிறைய. மாதச் சராசரியாக மாற்றிவிட்டால் அடங்கிவிடும். பத்துப் பதினைந்து வருட மாதச் சராசரி கையில் இருந்தால் கணக்கு போடலாம்.

இன்னொன்று, மோடல் விலை உங்கள் விலை இல்லை. உங்கள் பழைய விற்பனை ரசீதுகளை எடுத்து, அந்தந்தத் தேதியின் மோடல் விலையோடு ஒப்பிடுங்கள். மறைமுக ஏலத்துக்கு, அதாவது வியாபாரிகள் ஒருவருக்கொருவர் தெரியாமல் சீட்டில் விலை எழுதும் ஏலத்துக்கு, தட்டில் மாதிரி வைத்திருக்கும்போது நின்று கவனித்திருக்கிறீர்களா? வியாபாரி ஒரு விரலியை எடுப்பார். இரண்டாக ஒடிப்பார். நன்றாகக் காய்ந்திருந்தால் 'டக்'கென்று உலோகத்தைத் தட்டினாற்போலச் சத்தம் வரும். உள்ளே நிறத்தைப் பார்ப்பார், முகர்வார், பக்கத்துத் தட்டுக்குப் போவார். சில நொடிதான், சீட்டில் விலை எழுதியாகிவிட்டது. உங்கள் சரக்கு வழக்கமாக மோடலுக்கு 4 சதவீதம் கீழே போகிறது என்று ரசீதுகள் சொன்னால், எந்த மதிப்பீட்டிலும் அந்த 4-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். ஏறும் விலைக்காகக் காத்திருப்பதைவிடக் காயவைப்பதில் இன்னும் இரண்டு நாள் செலவழிப்பது லாபம் என்று சில வீடுகளில் இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

எண்ணிப் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். ஒவ்வொரு வருடத்துக்கும் ஏப்ரல் சராசரியையும் ஆகஸ்ட் சராசரியையும் எடுத்து, எத்தனை சதவீதம் ஏறியது, இறங்கியது என்று எழுதுங்கள். 15 வருடம் என்றால் 15 எண்கள். அவற்றில் 7 சதவீதத்தைத் தாண்டியவை எத்தனை என்று எண்ணுங்கள். உதாரணத்துக்கு 5 வந்தது என்றால், வைத்திருந்தவர் மூன்றில் ஒரு வருடம்தான் ஜெயித்திருக்கிறார். தோற்ற வருடங்களில் எவ்வளவு போனது என்பதையும் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சராசரி போட்டால் 2023 எல்லாவற்றையும் தூக்கிவிடும். அந்த வருடத்தின் தொடக்கத்தில் படுத்துக்கிடந்த மஞ்சள் விலை, ஆகஸ்ட்டுக்குள் இரட்டிப்பானது. அந்த ஒரு வருடத்தால் "சராசரியாக வைத்திருப்பது லாபம்" என்று கணக்கு காட்டும். 2023-ஐச் சேர்த்து ஒரு தடவை, விட்டுவிட்டு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நம்பலாம். இல்லையென்றால் வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணை எடுங்கள், ஒற்றை வருடம் அதை அசைக்க முடியாது.

மாதக் குறியீடு போடுவதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்தை நடுவில் வைத்து அதைச் சுற்றி 12 மாதச் சராசரி எடுங்கள். மாத விலையை அந்தச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் அந்த மாதத்தின் குறியீடு. சராசரி 8,000, மார்ச் விலை 7,600 என்றால் 95. எல்லா வருடத்து மார்ச்சையும் சேர்த்து நடு எண் எடுத்தால் மார்ச்சின் குணம் தெரியும். தக்காளிக்கோ சின்ன வெங்காயத்துக்கோ இது பளிச்சென்று காட்டும். மஞ்சளில் மாதத்துக்கு மாதம் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. காரணம் எளிது: சேமிக்கக்கூடிய சரக்கு. ஆவணியில் நிச்சயம் ஏறும் என்று எல்லோருக்கும் தெரிந்தால், எல்லோரும் பங்குனியிலேயே விற்காமல் நிறுத்துவார்கள், விலை பங்குனியிலேயே ஏறிவிடும். ஆகவே மஞ்சளில் மாதத்தைவிட வருடம்தான் முக்கியம்.

வருடச் சுழற்சி

2010-ஐ ஈரோட்டுக்காரர்கள் மறக்கமாட்டார்கள். குவிண்டால் 15,000-ஐத் தாண்டியது. அதைப் பார்த்து வாழை போட்டவர், கரும்பு போட்டவர் எல்லோரும் மஞ்சளுக்கு வந்தார்கள். மராட்டியத்திலும் ஆந்திரத்திலும் அதே கதை. 2012 பிறந்தபோது விலை 5,000-க்குக் கீழே. அதற்கப்புறம் ஏறக்குறைய பத்து வருடம் மஞ்சள் தலைதூக்கவே இல்லை. பலர் விட்டுவிட்டு மரவள்ளிக்கோ தென்னைக்கோ போனார்கள். பரப்பு குறைந்த நிலையில், 2023-இல் விலை பிய்த்துக்கொண்டது. அந்த ஆகஸ்ட்டும் இந்தியாவில் நூறாண்டுக்கு மேலாகக் காணாத வறண்ட ஆகஸ்ட்டாக அமைந்தது.

பழைய உச்சத்தோடு இன்றைய விலையை ஒப்பிடும்போது விலைவாசியைக் கழிக்க வேண்டும். 2010-க்கும் 2024-க்கும் இடையில் நுகர்வோர் விலைக் குறியீடு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அன்றைய 15,000 இன்றைய கணக்கில் 30,000-க்கு மேல். "மஞ்சள் சரித்திரம் காணாத விலை" என்று 2024-இல் பேசிக்கொண்டார்கள். கூலிக்கும் உரத்துக்கும் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 2010-இல் கையில் நின்றது இதைவிட அதிகம். பதினைந்து வருட விலைகளை இப்படி இன்றைய ரூபாய்க்கு மாற்றி ஒரு வரைபடம் போட்டால், நாம் இப்போது மேட்டில் நிற்கிறோமா பள்ளத்திலா என்பது ஒரு பார்வையிலேயே விளங்கும். மேட்டில் நிற்கும்போது வைத்திருப்பதற்கு ரொம்ப நல்ல காரணம் வேண்டும்.

இந்த வருடம் எப்படி?

பழைய விலை இதுவரைதான் வரும். மீதிக்கு வெளியே பார்க்க வேண்டும்.

வரத்தையும் விலையையும் சேர்த்துப் பாருங்கள். வரத்து கூடி விலை இறங்குவது சாதாரணம். வரத்து கூடியும் விலை இறங்காமல் நின்றால் வாங்குபவர் பசியோடு இருக்கிறார். வரத்து குறைந்தும் விலை இறங்கினால் அதுதான் கெட்ட சகுனம், வெளிமாநில ஆர்டர் வரவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது பழைய மஞ்சள். கார்த்திகை, மார்கழியில் இன்னும் பழைய மஞ்சள் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்தால், குடோன்களில் இருப்பு கிடக்கிறது, தையில் வரும் புது மஞ்சள் அதன்மேல்தான் விழப்போகிறது. இருப்பு பற்றி "இத்தனை லட்சம் மூட்டை" என்று வாய்வழி வரும் எண்களை நான் எடுத்துக்கொள்வதில்லை. அதைச் சொல்பவர் பெரும்பாலும் வாங்குபவராகவோ விற்பவராகவோ இருப்பார். வரத்தில் பழையது எவ்வளவு என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாமே.

பிறகு விதை. இதுதான் அடுத்த வருட விலையை முதலில் காட்டிக்கொடுக்கும். ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ விதை மஞ்சள் வேண்டும். வேகவைப்பதற்கு முன் அக்கம்பக்கத்தில் எவ்வளவு விதைக்கு ஒதுக்கினார்கள், வைகாசியில் விதை என்ன விலைக்குப் போகிறது, பவானிசாகர் அணையில் 105 அடிக்கு எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கேட்டு எழுதுங்கள். விதைக்கு அடிதடி என்றால் பரப்பு கூடப்போகிறது. ஆனால் ஈரோட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. நாட்டின் மஞ்சள் விலையை எடுத்துச் செல்வது தெலங்கானாவின் நிஜாமாபாத்தும், மராட்டியத்தின் ஹிங்கோலி, நாந்தேடு, சாங்கிலியும். அங்கே ஆனி, ஆடியில் எவ்வளவு நட்டார்கள், புரட்டாசியில் மழை கொட்டிக் கிழங்கு அழுகியதா என்ற செய்திகள் நம் ஊர் மழையைவிட நம் விலைக்கு முக்கியம்.

அப்புறம் முன்பேர வணிகம், அதாவது பின்னால் வரும் ஒரு மாதத்துக்கு இப்போதே விலை பேசிக்கொள்வது. என்.சி.டி.இ.எக்ஸ். என்ற விளைபொருள் முன்பேரச் சந்தையில் மஞ்சள் ஒப்பந்தங்கள் நடக்கின்றன, விலை நிஜாமாபாத்தை அடிப்படையாகக் கொண்டது. அதில் இறங்கி வணிகம் செய்யச் சொல்லவில்லை, ஒரு லாட்டே (குறைந்தபட்ச அளவே) 5 டன். சும்மா பார்ப்பதற்குச் சொல்கிறேன். ஏப்ரல் ஒப்பந்தத்துக்கும் ஆகஸ்ட் ஒப்பந்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். 300 ரூபாய்தான் கூடுதல் என்றால், பணம் போட்டு விளையாடுபவர்களே நான்கு மாதக் காத்திருப்புக்கு 300 தான் மதிக்கிறார்கள். உங்கள் செலவு 700. விடை கிடைத்துவிட்டது. வித்தியாசம் 1,200 என்றால் வைத்திருக்க யோசிக்கலாம். ஈரோடு விலை நிஜாமாபாத்தோடு ஒட்டியே ஓடினாலும் இடைவெளி அவ்வப்போது மாறும், ஆகவே இரண்டின் வித்தியாசத்தையும் மாதாமாதம் ஒரு வரியில் குறித்து வையுங்கள்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உள்நாட்டு மற்றும் ஏற்றுமதி சந்தைத் தகவல் மையம் விதைப்புக்கும் அறுவடைக்கும் முன்பாக விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அவர்கள் புள்ளியியல் முறைகளில் முறையாகச் செய்கிறார்கள். அதைக் கட்டாயம் படியுங்கள். அவர்கள் சொல்லும் விலை எந்தத் தரத்துக்கு, எந்த மாதத்துக்கு என்ற வரியைத் தவறவிடாமல் படியுங்கள். ஊரில் பேசும்போது அந்த வரி விழுந்துபோய் எண் மட்டும்தான் மிஞ்சும்.

எண்ணாக அல்ல, எல்லையாக

இப்போது மதிப்பீடு எழுதலாம். 15 வருட மாத விலையில், எந்த மாதத்திலிருந்தும் நான்கு மாதம் தள்ளி என்ன மாற்றம் என்று வரிசையாகக் கணக்கிடுங்கள். 176 எண்கள் கிடைக்கும். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, கீழே பத்து சதவீதத்தையும் மேலே பத்து சதவீதத்தையும் தள்ளிவிடுங்கள். மீதி −12 முதல் +18 வரை என்று வந்தால், இன்றைய 10,000 நான்கு மாதத்தில் 8,800 முதல் 11,800 வரை எங்கேயும் இருக்கலாம். இந்த −12, +18 கணக்குக்காகச் சொன்னது, உங்கள் பட்டியல் வேறு எல்லை தரும். எல்லை இவ்வளவு அகலமாக இருக்கிறதே என்று சலிப்பு வரும். உண்மையும் அவ்வளவு அகலம்தான். வரத்து, பழைய இருப்பு, விதை, முன்பேர வித்தியாசம் எல்லாம் இந்த எல்லைக்குள் மேல்பக்கம் சாயவா கீழ்ப்பக்கம் சாயவா என்று முடிவு செய்யத்தான்.

எழுதும்போது தேதி, இன்றைய விலை, எல்லை, காரணம் ஒரு வரி. நான்கு மாதம் கழித்துப் பக்கத்தில் நிஜ விலை. "இன்றைய விலையே நான்கு மாதம் கழித்தும் இருக்கும்" என்று ஒரு சோம்பேறி மதிப்பீட்டையும் கூடவே எழுதுங்கள். சில வருடம் ஆனபிறகு உங்கள் மதிப்பீட்டின் பிசகையும் சோம்பேறியின் பிசகையும் ஒப்பிடுங்கள். சோம்பேறியை ஜெயிக்க முடியவில்லை என்றால் உங்கள் காரணங்களில் எது உதவவில்லை என்று பார்த்துத் தூக்குங்கள். அரிமா (ARIMA), அது இது என்று விலை கணிக்கும் கணினி முறைகளை யாராவது விற்க வந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: சோம்பேறியைவிட எவ்வளவு மேல்? இதற்கு எண்ணோடு பதில் சொல்லாதவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் "பங்களாதேஷ் ஆர்டர் வந்துவிட்டது, மஞ்சள் இருபதாயிரம்" என்று வந்தால், தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த சில நாள் ஏல விலையில் அது தெரிகிறதா என்று பாருங்கள். நிஜமாகவே ஆர்டர் வந்திருந்தால் வாங்குபவர் நமக்கு முன்பே ஏலத்துக்கு வந்திருப்பார். விலையில் தெரியாத செய்தியை நான் நோட்டில் ஏற்றுவதில்லை.

எல்லாம் போட்ட பிறகும் வீட்டில் சண்டை வரும். மாமனாருக்கு எப்போதும் வைத்திருக்க ஆசை. "ஏங்கண்ணு, இன்னும் கொஞ்ச நாள் பாப்பமே" என்பார். நாங்கள் பிரித்துக்கொள்கிறோம். கடன் தவணைக்கும் அடுத்த பயிர்ச் செலவுக்கும் ஆகும் அளவு மஞ்சள் கணிப்பே பார்க்காமல் பங்குனி, சித்திரையில் போய்விடும். மீதியில் பாதிக்கு ஒரு விலையும் ஒரு தேதியும் முன்பே எழுதிவிடுவோம்: 10,700-க்குமேல் இன்ன விலை வந்தால் விற்பது, வராவிட்டால் ஆவணிக் கடைசியில் வந்த விலைக்கு விற்பது. கடைசிப் பங்கு மாமனாரின் இஷ்டம். தேதியை எழுதிவைக்காவிட்டால் "அடுத்த வாரம்" என்றே அடுத்த தை வந்துவிடும், அப்போது அது பழைய மஞ்சள்.

நடவுக்கு இதே கணக்கை அப்படியே போடக் கூடாது. வைகாசியில் நட்டால் தை, மாசியில்தான் வெட்டு, எட்டு ஒன்பது மாதத் தூரம்; வேகவைத்து, காயவைத்து விற்கப் பத்து மாதம் ஆகிவிடும். நான்கு மாதத்துக்குப் பதில் பத்து மாத மாற்றங்களை அடுக்குங்கள், எல்லை இன்னும் அகலமாகும். கீழ் எல்லை விலையில் உங்கள் சாகுபடிச் செலவு தேறுகிறதா என்று மட்டும் பாருங்கள். தேறினால் போடலாம். மேல் எல்லையில் மட்டும்தான் தேறுகிறது என்றால், அந்த ஏக்கரில் பாதிக்கு வேறு பயிரை யோசியுங்கள், அதுவும் விதை வாங்க அச்சாரம் கொடுப்பதற்கு முன்பாக.